பக்கம் முழுசா வேணும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியது. பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வேற ஒண்ணு பேசறேன்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கேன். இணையப் பக்கத்தை முழுசாப் படம் பிடித்து வைப்பது பற்றி. இதுல என்னய்யா அரசியல் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

நான் வங்கியில் எழுத்தர். நான் சேரும்போதே பேரேடு போய்விட்டது. ஆனாலும் மூத்த ஊழியர் ஒருவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் பேரேட்டுப் பாடம்தான். தப்பா எழுதிட்டா சுரண்டாதே. ஒரே கோடு போட்டு அடி. பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னக் கையெழுத்துப் போடு. அடிச்சது என்னன்னு பின்னால வர்றவன் படிக்க முடியணும். கணினி வந்த பிறகும் தவறான பதிவுக்கு எதிர்ப்பதிவுதான் போடுகிறோம்.

இணையதளத்துக்கு இந்த ஒழுக்கம் கிடையாது. நேற்றிருந்த வரி இன்று இருக்காது. கோடும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது.

என் அக்கா மகன் ஒரு நிறுவனத்தின் தேர்வுப் பட்டியலில் இடஒதுக்கீட்டுப் பிரிவில் தன் பெயரைப் பார்த்தான். ராத்திரி பத்து மணி. "மாமா, எம்பேரு இருக்கு பாருங்க"ன்னு போன்ல படம் அனுப்பினான். ரெண்டு நாள் கழிச்சு அதே பட்டியலில் பெயர் இல்லை. ரெண்டு பேரும் போய்க் கேட்டோம். அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பட்டியல்? தலைப்பு எங்கே? எந்தத் தேதி?" என்றார். படத்தில் இருந்தது ஆறு பெயர், ஆறு எண். தலைப்பு அதற்கு மேலே இருந்தது. கீழே இருந்த குறிப்பும் இல்லை. பையன் என் முகத்தைப் பார்த்தான். தினம் நூறு பேரிடம் "வவுச்சர்ல தேதி போடுங்க"ன்னு சொல்கிற எனக்கு, அவனிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லையே!

அழிப்பு நம்ம ஊரோடு நிற்பதில்லை. சார்லஸ் கால்வின் ராஜர்ஸ் என்று ஒரு கறுப்பின ராணுவத் தளபதி. வியட்நாம் போரில் 1968 நவம்பர் 1 அன்று மூன்று முறை காயம்பட்டும் போரிட்டவர். அமெரிக்காவின் உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் 1970இல் அவருக்குத் தரப்பட்டது. (அந்தப் போர் யாருக்காக என்பது வேறு விவாதம்.) அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. 2025 மார்ச்சில் அதைக் காணோம். முகவரியில் 'மெடல்' என்ற சொல்லுக்கு முன்னால் 'டிஇஐ' என்று மூன்றெழுத்து ஒட்டியிருந்தது. சமத்துவத் திட்டங்களை ஒழிக்க அந்த அரசு பயன்படுத்திய முத்திரை அது. பார்த்தவர்கள் படம் எடுத்துப் பரப்பினார்கள். கூச்சல் எழுந்தது. சில நாளில் பக்கம் திரும்பி வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்துக்குள்ளே ஒன்றுமே இல்லை. காட்டிக் கொடுத்தது முகவரி. ஆனால் பிரவுசரில் முழுப் பக்கப் படம் எடுத்தால் முகவரிப் பட்டை அதில் வராது! அதனால் எப்போதும் ரெண்டு படம். பக்கம் முழுவதும் ஒன்று. முகவரியும் கடிகாரமும் தெரியத் திரையை ஒன்று.

எடுப்பது சுலபம். ஃபயர்ஃபாக்ஸில் காலியிடத்தில் வலது கிளிக் செய்தால் 'டேக் ஸ்கிரீன்ஷாட்' வரும். அதில் 'சேவ் ஃபுல் பேஜ்'. கணினி குரோமில் எஃப் 12 அழுத்தி, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஆங்கிலத்தில் ஸ்கிரீன்ஷாட் என்று தட்டினால் 'கேப்சர் ஃபுல் சைஸ்' இருக்கும். ஐபோன் சஃபாரியில் படம் எடுத்ததும் ஓரத்தில் வரும் சிறு படத்தைத் தொட்டு 'ஃபுல் பேஜ்'. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு பல போன்களில் 'கேப்சர் மோர்' உண்டு.

எடுக்கும் முன் அடி வரைக்கும் ஒரு தடவை உருட்டிப் போங்க. நாம் கீழே போனால்தான் சில படங்கள் வந்து சேரும். 'மேலும் படிக்க' என்றிருப்பதை எல்லாம் திறந்துவிடுங்க. பட்டியல் தனிப் பெட்டிக்குள் உருளுகிறதென்றால் முழுப்படத்திலும் பாதிதான் விழும்; அதைத் துண்டு துண்டாய், ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுக்கணும். எடுத்த கையோடு கடைசி வரி வந்திருக்கா பாருங்க.

"ஜோடிச்ச படம்" என்பான் எதிராளி. அவன் சொல்வதில் நியாயமும் உண்டு. அதே எஃப் 12ஐத் தட்டி ஒரு பெயரைத் திரையில் மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆகவே நம் படம் மட்டும் போதாது, மூன்றாவது ஆள் சாட்சி வேணும். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் 2013 முதல் 'சேவ் பேஜ் நவ்' வசதி இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் தேதியோடு தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு போட்டு நுழையும் பக்கத்துக்கு அது உதவாது.

சாதி சொல்லித் திட்டுகிறவன் புகார் என்றதும் பதிவை அழிச்சிடுவான். இணையத்தில் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. ஆனால் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேணும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு அது. கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும். அதனால் மூலக் கோப்பில் கை வைக்காதீங்க. சிவப்பு வட்டம் போடணும்னா நகலில் போடுங்க. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்க.

அக்கா மகன் இப்போ வேறொரு பட்டியலுக்காகக் காத்திருக்கிறான். தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தை முழுசா எடுத்துத் தேதிவாரியா அடுக்கி வைக்கிறான். எனக்கும் ஒரு நகல் வருது.

தோழர், அந்தப் புரொஜெக்டரைப் போடுங்க. கரண்ட் இருக்கும்போதே ஒரு பக்கத்தை எடுத்துப் பாத்துருவோம்.