ஓட்டுக்குத் தரகர் எதற்கு?

உழவர் சந்தை வாசலில் ஓட்டுக் கேட்கப் போகும் தொண்டர்களாகிய நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். 1999-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி மதுரையில் இச்சந்தை முதன்முதல் ஆரம்பிக்கப்பட்டது எதற்காக? விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் தரகர் கூடாது என்பதற்காகவேயாகும். அப்படியிருக்க, அதே வாசலில் நாம் ஜாதியைச் சொல்லியும் பணத்தைக் கொடுத்தும் ஓட்டுக் கேட்போமானால், நாம் ஓட்டுத் தரகர்களல்லாமல் வேறென்ன? 1951-ம் வருஷத்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் இவ்விரண்டையும் ஊழல் என்றே சொல்லுகிறது.

சென்ற தேர்தலில் கீரை விற்கும் அம்மாள் ஒருவர், "உங்களுக்கு நாள் கூலி எவ்வளவுங்க?" என்று நம்மைக் கேட்டார். "கூலி கிடையாதம்மா" என்றோம். "அப்படின்னா உட்கார்ந்து சொல்லுங்க" என்றார். அதுதான் நமது யோக்கியதை.

ஆகவே வியாபாரத்தை மறிக்காதீர்கள்; கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கத்தரிக்காயை நிறுத்து விற்கும் மக்கள், வேட்பாளரையும் தாங்களே நிறுத்துப் பார்க்கட்டும்.