பாட்டிலுக்குள் ஒரு குளம்



இதோ, இந்தப் பாட்டிலைப் பாருங்கள். ஊறுகாய்ப் பாட்டில்தான். அடியில் மணல். முக்கால் பாகம் தண்ணீர். அதில் வேலம்பாசி, இரண்டு சின்ன நத்தைகள். மீன்தொட்டிக் கடையில் வாங்கினேன். மூடியை இறுக்கி, சுற்றிலும் மெழுகு ஊற்றி அடைத்தேன். இன்றோடு 41 நாள். இரை போடவில்லை. தண்ணீர் மாற்றவில்லை. நத்தைகள் உயிரோடு இருக்கின்றன.

எப்படி? பகலில் பாசியின் இலையைக் கவனியுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். அது பிராணவாயு. நத்தைக்கு அதுதான் மூச்சு. நத்தை விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. நத்தையின் கழிவைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மக்கச் செய்கின்றன. அது பாசிக்கு உரம். இரவில் குமிழி வராது. இரவில் பாசிக்கும் பிராணவாயு வேண்டும். பகலில் சேர்த்ததை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும்.

1829-இல் லண்டனில் வார்டு என்ற டாக்டர், மூடிய பாட்டிலில் ஈர மண்ணை வைத்தார். அதில் செடி முளைத்தது. பிறகு கண்ணாடிப் பெட்டிகள் செய்தார்கள். 1850 வாக்கில் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் அப்படிப்பட்ட பெட்டிகளில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன.

இது என் இரண்டாவது பாட்டில். முதல் பாட்டிலில் நான்கு நத்தை விட்டேன். தாராவியில் நம் சந்துக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதே கொஞ்ச நேரம். அதனால் தகரக் கூரைமேல் வைத்தேன். மதியத்துக்குள் தண்ணீர் மிகவும் சூடாகிவிட்டது. நான்கும் செத்துப்போயின. ஒரே நாற்றம்.

நம் வகுப்புப் பாட்டி அன்று கேட்டார். "உயிரை அடைச்சு வெச்சு வேடிக்கை பார்க்கிறியே தம்பி, அது வாய் திறந்து கேட்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் இந்த முறை இரண்டே நத்தை. நேர் வெயில் படாத வாசலில் வைத்தேன். பாசி பழுத்தாலோ, நத்தை சோர்ந்தாலோ, உடனே திறப்பேன் என்று பாட்டிக்கு வாக்குக் கொடுத்தேன். தினமும் காலையில் அவரே வந்து பார்த்துவிட்டுப் போவார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

நேற்று கண்ணாடியில் கூழ் போல ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே புள்ளி புள்ளியாக முட்டைகள். பாட்டிதான் முதலில் பார்த்தார். அத்தனையும் பொரித்தால் இந்தப் பாட்டிலில் காற்றும் போதாது, இரையும் போதாது.

ஆகவே நாளை மாலை வகுப்பில் மூடியைத் திறக்கிறோம். யார் வீட்டிலாவது பழைய வாளி இருந்தால் கொண்டு வாருங்கள். மெழுகைப் பாட்டி உடைப்பார்.