லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில், சி பிளாக்கில் வசிக்கும் இளம் வடிவமைப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

சென்ற மாதம் செயலாளர் சார் என்னை லிஃப்டில் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலெல்லாம் ஆர்வம் என்று விழாவில் பத்து நிமிடம் பேசும்மா" என்றார். எனக்கு இருபத்தேழு வயது. என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேச எனக்குத் தகுதி கிடையாது. என்னைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு மூன்று பைத்தியம்: சாப்பாடு, நேரில் கேட்கும் இசை, வடிவமைப்பு. வாடகையும் மெயின்டனன்ஸும் போக மிஞ்சும் சம்பளம் இந்த மூன்றில்தான் கரைகிறது. பொருளாளர் கவனிக்க வேண்டும், மெயின்டனன்ஸ் முதலில் போய்விடுகிறது.

பின்னால் வடை வாசம் வருவதால் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பாரிமுனைப் பக்கம், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலை வேளையில் அத்தோ போடுவார்கள். உங்களில் பலர் சாப்பிட்டிருப்பீர்கள். சாப்பிடாதவர்கள் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ். அதோடு மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை, குடிக்க வாழைத்தண்டு போட்ட சூப் உண்டு. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம் வைத்துக் கொடுப்பார்கள். அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதியாகக் கடித்தால் சட்டை பாழாகிவிடும்.

இந்தச் சாப்பாடு சென்னைக்கு வந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் வியாபாரங்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி இங்கே வந்து இறங்கின. சொத்து அங்கேயே நின்றுபோனது, கைப்பக்குவம் கூட வந்தது. 1969-இல் ராஜாஜி சாலை ஓரத்தில் பர்மா பஜார் தொடங்கியது. அப்படி வந்தவர்களுக்கு இந்த ஊர் பெரிதாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. நடைபாதையில் கொஞ்சம் இடம் விட்டது. அந்த இடத்தில் முளைத்த ருசியைத் தேடித்தான் நாம் இன்றைக்குக் கால் டாக்சி பிடித்துப் போகிறோம்.

அடுத்தது இசை.

ஹெட்ஃபோனில் கேட்டால் எனக்குப் பாதித் திருப்திதான். நேரில் கேட்கும்போது, பாட்டுக்கு முன்னால் நடப்பதையும் பார்க்கலாம். கஞ்சிரா வாசிப்பவர் தோலில் கொஞ்சம் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவார். பறை அடிப்பவர் அதைத் தீயில் காட்டித் தோலை இறுக்குவார். ஒருவர் தண்ணீரோடும் ஒருவர் நெருப்போடும் மல்லுக்கட்டுகிறார்கள், இரண்டும் தோல்தான். இதெல்லாம் எந்தச் செயலியிலும் பதிவாவதில்லை.

என் அப்பா மார்கழிக்காரர். சபா சபாவாக என்னை இழுத்துக்கொண்டு போவார். கச்சேரிக்கா கேன்டீனுக்கா என்பதை அம்மா இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. இதற்கெல்லாம் நாம் பெருமைப்படலாம், தப்பில்லை.

ஆனால் கல்லூரிக் காலத்தில் ஒரு தோழி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அவள் காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவள். "உங்க சபாவுல நிறைய கச்சேரி இலவசம்னு சொல்ற. நான் ஏன் ஒரு தடவைகூட உள்ளே வரலன்னு யோசிச்சிருக்கியா?" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வாசலில் பலகையும் இல்லை. இருந்தும் அது தனக்கான வாசல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

2015-இல் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் ஒருவர். மீனவர் குப்பத்திலேயே கர்நாடக சங்கீதமும் நடந்தது, பறையும் ஒலித்தது. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. வட சென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கானாவையும், ராப்பையும், ராக் இசையையும் ஒரே மேடையில் வைத்துப் பாடினார்கள். இந்த இரண்டைப் பற்றியும் பல கருத்துகள் உண்டு, நம் வாட்ஸ்அப் குழுவில் அதைக் கிளப்பிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மேடையை எங்கே போடுகிறோம் என்பதிலேயே யார் வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவது வடிவமைப்பு. இது என் வயிற்றுப்பாடும்கூட.

வடிவமைப்பு என்றால் அழகுபடுத்துவது என்று நினைக்கிறோம். அதில் பாதிக்கு மேல் கவனிக்கும் வேலை. தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சுழியும் கொக்கியும் வரும், கீழே வால் நீளும். ஆங்கிலப் பலகைக்கு விடுகிற வரி இடைவெளியைத் தமிழுக்கும் விட்டால் மேல் வரியின் வால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். பல பலகைகளில் தமிழ் நெரிசலாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடம் விட்டால் போதும், எழுத்து தானாக அழகாகிவிடும்.

இங்கே உள்ள தாத்தா பாட்டிகள் யானைத் துதிக்கை போட்ட பழைய 'லை' எழுதிப் படித்தவர்கள். பெரியார் 1935-இலேயே தன் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்துகளைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு 1978-இல் அவற்றில் பலவற்றை ஏற்றுக்கொண்டது. எழுத்தின் எண்ணிக்கை குறைந்தால் அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் படிக்கும் குழந்தைக்கும் சுமை குறையும் என்பது காரணம். பழக்கம் விடாமல் துதிக்கையோடு எழுதியவர்கள் பிறகும் பல வருடம் இருந்தார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. எழுத்து மெதுவாக மாறியது.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

போன அக்டோபரில் செயலாளர் சார் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். நம் குடியிருப்பில் எழுத்து மங்கிப்போன பதினான்கு அறிவிப்புப் பலகைகளைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். எந்த உயரத்தில் மாட்டினால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தெரியும் என்று அளந்தேன். தமிழை மேலே, பெரிதாக வைத்தேன். லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகைக்கு மட்டும் இரண்டு மாலை செலவானது. அதில் மூன்று வரி. கதவைப் பிடித்து நிறுத்தாதீர்கள் என்பது முதல் வரி. மின்சாரம் போனால் பதறாமல் மணியை அழுத்துங்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது இது: "வீட்டு வேலை செய்பவர்களும் டெலிவரி ஆட்களும் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும்."

அந்த வரியை எங்கே மடக்கினால் சரியாக வரும், எந்த அளவில் வைத்தால் தூரத்திலிருந்து தெரியும் என்றெல்லாம் பார்த்தேன். ஒரு தடவைகூட நான் அதைப் படிக்கவில்லை.

நவம்பர் மழையில் சர்வீஸ் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கியது நினைவிருக்கும். ஒன்பது நாள் அது ஓடவில்லை. அந்த வாரம் ஒரு காலை நான் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேன் போடும் தம்பி இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து ஏறி வந்துகொண்டிருந்தான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான். "எத்தனாவது மாடிப்பா?" என்றேன். "ஆறு" என்றான். பெரிய லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மணிச் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது.

என் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கு நான்காம் மாடியில் ஒரு வீடு, ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று. அவரிடம் கேட்டேன், "அக்கா, நீங்களுமா படியேறுறீங்க? அந்த லிஃப்டுல வரலாமே?" அவர் கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "போர்டு போட்டிருக்கேம்மா" என்றார். அவ்வளவுதான்.

என் தோழி கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் தெரிந்தது. அத்தோ வண்டிக்கு நடைபாதையில் இடம் விட்ட ஊரைப் புகழ்கிறேன். குப்பத்தில் நடந்த கச்சேரியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறேன். என் வீட்டு வாசலில் ஒரு கதவைச் சாத்தும் வரியை, படிக்க வசதியாக, நல்ல இடைவெளி விட்டு அமைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

அந்தப் பலகையை முதலில் மாட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு மாட்டினார்கள் என்று நான் நினைக்கவில்லை. விசாரித்தேன். குடியிருப்பு புதிதாக இருந்தபோது யாரோ பீரோ ஏற்றியதில் லிஃப்ட் சுவர் கீறிவிட்டது. காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற புகாரும் வந்தது. இரண்டும் நியாயமான காரணங்கள். அப்படியானால் விதியைச் சாமானுக்கு வைப்போம். பீரோ, கட்டில், சிமென்ட் மூட்டை எல்லாம் யார் வீட்டுடையது என்றாலும் சர்வீஸ் லிஃப்டில் போகட்டும். அது ஓடாத நாளில் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பெரிய லிஃப்டில் ஏற்றட்டும். காலை ஏழரை முதல் எட்டரை வரை பிள்ளைகளுக்கு முதல் இடம் என்று எழுதுவோம், நாமும் அதற்கு வழி விடுவோம். ஆளுக்கு மட்டும் விதி வேண்டாம். நம் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரும் நமக்குச் சாதம் வடிக்கிறவரும் நம்மோடு நாற்பது விநாடி ஒரே பெட்டியில் நின்றால் நமக்கு எதுவும் குறைந்துவிடாது.

நான் வாடகைக்கு இருப்பவள். பொதுக்குழுவில் எனக்கு ஓட்டு கிடையாது. அதனால்தான் செயலாளர் சார் கொடுத்த பத்து நிமிடத்தை இதற்குச் செலவழித்துவிட்டேன், அவர் மன்னிக்க வேண்டும். ஓட்டு உள்ளவர்கள் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த மாதப் பொதுக்குழுவில் இந்த வரியை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். வேண்டும் என்று முடிவானால் அதற்கான காரணத்தையும் பலகையில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காரணத்தை அந்த அக்கா நின்று படிக்கும்போது நாமும் பக்கத்தில் நிற்க முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதிமூன்று பலகைகள் அச்சுக்குத் தயாராக இருக்கின்றன. பதினான்காவது என் கணினியில் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்றில் மூன்று வரி, இன்னொன்றில் இரண்டு வரி. இரண்டு வரி உள்ளதில் எழுத்துக்கு மூச்சுவிட நிறைய இடம் இருக்கிறது, வடிவமைப்பாளராகச் சொல்கிறேன். எது என்று நீங்கள் சொன்னதும் அனுப்பிவிடுகிறேன்.

 வடை சூடாக இருக்கும்போதே போகலாம். காலையிலிருந்து நின்று சுட்டவர்களும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.