வீடும் துணையும்: திருமுக்கூடல் கல்வெட்டை முன்வைத்து

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்த ஊரில் நின்று பேசுபவர் யாராக இருந்தாலும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. வீரசோழன் என்ற பெயரில் 15 கட்டில்கள் கொண்ட ஆதுலசாலை ஒன்று இங்கே நடந்ததை அது தெரிவிக்கிறது. ‘அந்தக் காலத்திலேயே நம்மிடம் ஆஸ்பத்திரி இருந்தது’ என்ற பெருமிதத்தோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அந்தப் பெருமிதத்தைவிடக் கல்வெட்டில் உள்ள கணக்குதான் பெரிதாகப் படுகிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை, அதாவது அறுவை சிகிச்சை, செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று ஆட்களை அடுக்கி, அவரவர்க்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு அரிசி, இராவிளக்குக்கு எண்ணெய், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள், எல்லாமே அதே சாசனத்தில் வருகின்றன. கட்டிலுக்கு ஓர் ஆணை, ஆளுக்கு ஓர் ஆணை, எண்ணெய்க்கு ஓர் ஆணை என்று பிரித்து மூன்று அதிகாரிகளிடம் யாரையும் அலையவிடவில்லை.

இதைச் சொன்னவுடன் பொற்காலப் பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பதில் நியாயம் உண்டு. அந்த ஆதுலசாலை ஊருக்குப் பொதுவானதல்ல. கோயில் பணியாளருக்கும் அங்கே வேதம் முதலியவை பயின்ற மாணவருக்கும் என்று ஏற்பட்டது. அதை முன்மாதிரியாக வைக்க நான் வரவில்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: இடத்தைத் திட்டமிட்டபோதே அந்த இடத்தில் உழைக்கப்போகும் ஆளையும் திட்டமிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோடு, இரவும் பகலும் பிறர் உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளின் விஷயத்தில் நாம் இன்று செய்யத் தவறுவது சரியாக இதைத்தான் என்பது என் வாதம். வீடு கொடுக்கும் துறைக்கு உதவியாளரைப் பற்றித் தெரியாது. உதவித்தொகை கொடுக்கும் துறைக்கு வீட்டைப் பற்றித் தெரியாது.

இந்த உத்திரமேரூர் வட்டாரத்தில் முப்பது வயது ஆண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, அடிக்கடி வலிப்பு. தாய்க்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகனுக்கான திட்டங்கள் இல்லாமல் இல்லை. கடும் பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகையை மாநில அரசு 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வலிப்பு மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம். இயன்முறை சிகிச்சைக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு. வீட்டுக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம். கலைஞரின் கனவு இல்லம் என்றால் மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. வேலை நிலைக்கு நிலை முடிய முடியப் பணம் வரும். அந்த நிலைகளில் எதிலும் வாசல் அகலம் என்ன, சக்கர நாற்காலி கழிப்பறைக்குள் திரும்புமா, நிலைப்படிக்குப் பதில் சாய்தளம் உண்டா என்று கேட்பது யார் பொறுப்பு? முப்பது வயது மகனைத் தூக்கிப் படி ஏற்றுகிற தாயின் முதுகுதான் கடைசியில் அந்தச் சாய்தளம். இத்தனை கதவுகளையும் தட்டி, இத்தனை சான்றுகளையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, ஒன்றோடொன்றை முடிச்சுப் போடுகிற வேலையும் அவளுக்கே. சம்பளமில்லாத ஒருங்கிணைப்பாளர் அவள். அவள் படுத்துவிட்டால் இத்தனை திட்டங்களும் ஒரே நாளில் நின்றுபோகும்.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை 5ஆம் பிரிவில் சொல்கிறது. அதிக உதவி தேவைப்படுவோர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று 38ஆம் பிரிவில் சொல்கிறது. வீட்டுத் திட்டங்களில் ஐந்து விழுக்காடு ஒதுக்கீட்டை 37ஆம் பிரிவில் வைக்கிறது. ஒதுக்கீட்டில் வீடு கிடைத்தவருக்கு அங்கே துணைக்கு யார் என்ற கேள்வியை இந்தப் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால்தான் கேட்க முடியும். அலுவலகங்கள் தத்தம் பிரிவை மட்டும் படிக்கின்றன.

வீடு, துணை இரண்டும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. கூரையும் உதவியும் சேர்ந்து கிடைக்கிற இடம் என்று அவர்கள் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். இன்னொரு முனையில் அரசு மனநல மருத்துவமனைகள் இருக்கின்றன. 2019இல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வில் 43 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டவர்கள். அவர்களில் பலரை அங்கே பிடித்துவைத்திருப்பது நோயைவிடப் போக்கிடம் இல்லாமைதான் என்பது என் துணிபு.

‘இவர்களைப் பெரிய இல்லம் கட்டி ஒரே இடத்தில் வைத்தால் செலவு குறையுமே’ என்பார்கள். கட்டடச் செலவு குறையலாம். ஆனால் 1993 முதல் சென்னையில் இயங்கும் பான்யன் என்ற மனநல நிறுவனம் 2015 வாக்கில் வேறு வழியில் போனது. நீண்டகாலம் காப்பகத்தில் இருந்த பெண்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, அந்த வட்டாரத்துப் பெண்களையே சம்பளத்துக்கு உதவியாளராக அமர்த்தியது. சமைப்பதும் கடைக்குப் போவதும் கோயில் திருவிழாவுக்குப் போவதும் அங்கே குடியிருப்பவர்கள் விருப்பம். சிலருக்கு உதவியாளர் கூடவே தங்குவார், சிலருக்கு வந்துபோவார். தேவை குறைந்தால் நேரமும் குறையும். பெரிய இல்லத்தில் இந்தக் கூட்டல் கழித்தல் நடக்காது, ஏனெனில் அங்கே எல்லோருக்கும் ஒரே மணி, ஒரே சாப்பாடு. அக்கம்பக்கத்தார் ஒப்புவார்களா என்ற அச்சம் பொய்யில்லை. வீடு தர மறுப்பவர்கள் உண்டு. வாடகை மாதாமாதம் வந்து, சிக்கல் என்றால் கூப்பிட ஓர் ஆளும் இருந்தால் வீட்டுக்காரர் மனம் மாறும் என்றே நினைக்கிறேன். பெல்ஜியத்தின் கீல் நகரில் பல நூற்றாண்டுகளாகக் குடும்பங்கள் மனநோயாளிகளைத் தம் வீட்டில் தங்கவைத்து வருகின்றன. இன்று அந்தக் குடும்பங்களுக்குப் பணமும் பின்னால் ஒரு மருத்துவமனையும் இருக்கின்றன. வெறும் நல்ல மனசை நம்பி அது நடக்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ‘பெற்ற தாயைவிட யார் பார்த்துக்கொள்வார்கள்? குடும்பம் இருக்கும்போது அரசு எதற்கு?’ குடும்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே கூடினாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி, ‘எங்களுக்கு அப்புறம்?’ என்பதுதான். அதற்கு அவர்கள் சாவன்று பதில் தேடினால் கிடைப்பது ஏதோ ஒரு காப்பகத்தின் காலியிடம். தாய் திடமாக இருக்கும்போதே, வாரத்தில் சில மணி நேரம் வெளியாள் ஒருவர் வந்து பழகி, மகனுக்கு எந்தச் சாப்பாடு இறங்கும், வலிப்புக்கு முன் முகம் எப்படி மாறும் என்று அவளிடமே கற்றுக்கொண்டால் கதை வேறு.

ஆகவே வீட்டையும் துணையையும் சேர்த்துப் பார்க்க ஒன்றியத்துக்கு ஓர் அலுவலர் வேண்டும். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற சேவை மையங்கள் வருவது நல்ல தொடக்கம். ஆனால் சிகிச்சைகளை ஒரே கூரைக்குள் கொண்டுவருவது பாதி வேலை. பயனாளியின் கூரையைப் பற்றிக் கேட்பது மீதி. ‘இன்னுமோர் அதிகாரியா?’ என்பீர்கள். கையில் அதிகாரமும் பணமும் இல்லாமல் கடிதம் மட்டும் எழுதுபவர் என்றால் வேண்டவே வேண்டாம். வீட்டு வரைபடத்தைத் திருத்தச் சொல்லவும், உதவியாளர் சம்பளத்தை விடுவிக்கவும், பாதுகாவலர் மனுவைக் குழு முன் வைக்கவும் அவருக்கு ஆணை இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இடத்தையும் ஆளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்றேன். வீட்டையும் துணையையும் ஒரே கையில் கொடுக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு உரியவரே பராமரிப்பவராகவும் இருந்துவிட்டால், உதவியாளர் அடித்தார் என்று புகார் சொல்கிறவர் அன்றிரவே தெருவுக்கு வருவார். ஆதுலசாலையின் கட்டிலும் கோயிலைச் சார்ந்திருந்தவருக்குத்தான். அதனால் வாடகை ஒப்பந்தமோ பட்டாவோ அங்கே குடியிருப்பவர் பெயரில் இருக்கட்டும். கையெழுத்துப் போட முடியாதவருக்குப் பாதுகாவலர் போடட்டும். உதவி தரும் நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம், வீடு அப்படியே இருக்கும். இதற்கு ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவம் தயாரித்து உள்ளூர்க் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.