பூவத்துல இறங்குங்க, தெற்கே நடங்க

தீவு பார்க்க கப்பல் ஏறணும்னு இல்லை, பூவத்துக்கு பஸ் ஏறினாலே போதும். மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக்கடல், நடுவுல புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். அதோட வடக்கு வாசல்தான் பூவம்.

வடக்கே கொஞ்ச தூரத்துல தரங்கம்பாடி. 1620-ல டேனிஷ்காரங்க கோட்டை கட்டின ஊர். தெற்கே 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி. ஒரே மணல், ரெண்டு கொடி!

அங்கிருந்து அரசலாறு கடல்ல சேர்ற இடம் வரைக்கும் நடந்தா மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கிளிஞ்சல்மேடுன்னு வரிசையா மீனவ கிராமங்கள். சில இடத்துல கரை வெறிச்சோடிக் கிடக்கும். 'அட, ஆளே இல்லாத பீச்!'னு போட்டோ எடுக்கத் தோணும். கொஞ்சம் நில்லுங்க. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நிறைய குடும்பங்களுக்கு கடலை விட்டுத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தாங்க. வீடு உள்ளே போச்சு, ஆனா பொழைப்பு இன்னும் கரையிலதான். படகு நிறுத்த, வலை காயவைக்க, கருவாடு போட அந்த மணல் வேணும். அது காலி இடம் இல்லை, அவங்க வேலை பார்க்கிற இடம்.

அதனால வலையை மிதிக்காதீங்க. கேட்டுட்டு போட்டோ எடுங்க. முகத்துவாரத்துல குளிக்க இறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போ போனா, பேச அவங்களுக்கும் நேரம் இருக்கும். 'அண்ணே, காத்து எப்படி?'னு ஆரம்பிங்க. மத்ததை அவரே சொல்லுவார்.