கை தானா போயிடுச்சும்மா

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



வழக்கமா இங்க சேமிப்பு, கடன், தொழில் பத்தித்தான் பேசுவோம். இந்த வருஷம் பிள்ளை வளர்ப்பு பத்தி ஒருத்தர் பேசணும்னு சொன்னாங்க. பத்தாவது படிச்சவ மூளையைப் பத்திப் பேச வந்துட்டாளேன்னு சிரிக்காதீங்க. முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

என் சின்னவனுக்கு அப்போ நாலரை வயசு. நான் குழுக் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல டீ டம்ளர். "தொடாதடா"ன்னு மூணு தடவை சொன்னேன். சரின்னு தலையை ஆட்டினான். ஒரு நிமிஷம் ஆகல, டம்ளர் கவிழ்ந்து தீர்மானப் புத்தகம் முழுக்க டீ. முதுகுல ரெண்டு வச்சேன். அவன் அழுதுக்கிட்டே, "எனக்குத் தெரியும்மா, கை தானா போயிடுச்சும்மா"ன்னான். பண்றதையும் பண்ணிட்டு வாய் வேற பேசறியான்னு இன்னொண்ணு வச்சேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாள், நான் தலை முடிய கையைத் தூக்கினாக்கூட அவன் தோளைச் சுருக்கிக்குவான்.

பிறகு ஒரு பயிற்சிக்குப் போனப்போ, அடீல் டயமண்ட்னு ஒரு அம்மாவைப் பத்திச் சொன்னாங்க. கனடா நாட்டுல வான்கூவர் நகரத்துல, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல பேராசிரியர். பிள்ளைங்க மூளை எப்படி வளருது, கவனமும் அடக்கமும் எப்படி வருதுன்னு வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்றவங்க. வீட்டுக்கு வந்ததும் என் நாத்தனார் பொண்ணை விட்டு செல்லுல தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

கைக்குழந்தைங்களை வச்சு அவங்க செஞ்ச ஆராய்ச்சி 1985-ல வெளிவந்துச்சு. குழந்தைக்கு முன்னாடி ரெண்டு குழி இருக்கும். பார்க்கப் பார்க்கவே ஒரு குழியில பொம்மையை வச்சுத் துணியால மூடுவாங்க. குழந்தை எடுத்துடும். திரும்பவும் அதே குழி, திரும்பவும் எடுத்துடும். பிறகு, குழந்தை பார்க்கும்போதே அடுத்த குழியில வச்சு மூடிட்டு, சில நொடி காக்க வைப்பாங்க. குழந்தை கை பழைய குழிக்கே போகும்! இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, சில குழந்தைங்க கண்ணு சரியான குழியைப் பார்த்துக்கிட்டே இருக்கும், கை மட்டும் தப்பான குழிக்குப் போகும். பொம்மை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். ஆனா பழகின கையை நிறுத்த முடியல.

அதைக் கேட்டதும் என் பையன் சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. கை தானா போயிடுச்சும்மா. அவன் பொய் சொல்லல அக்கா.

நிறுத்துற அந்த வேலை நெத்திக்குப் பின்னாடி இருக்கிற முன்மூளையோடது. சொன்னதை மனசுல வச்சுக்கறது, கையையும் வாயையும் அடக்கறது, ஒரு வேலையில இருந்து இன்னொண்ணுக்கு மனசை மாத்தறது, மூணும் அதைத்தான் நம்பி இருக்கு. மூளையில கடைசியா முதிர்ச்சி அடையற இடங்கள்ல அது ஒண்ணு. 20 வயசு தாண்டியும் வளர்ந்துக்கிட்டே இருக்கு. நாம நாலு வயசுலயே அது முழுசா வேலை செய்யணும்னு எதிர்பார்க்கறோம்.

இன்னொரு சோதனை. பிள்ளைக்கு நிலா படத்தைக் காட்டினா "பகல்"னு சொல்லணும், சூரியன் படத்தைக் காட்டினா "ராத்திரி"ன்னு சொல்லணும். நாலு வயசுப் பிள்ளைக்கு இது ரொம்பக் கஷ்டம். விதி புரியும், ஆனாலும் வாய் முந்திக்கும். 2002-ல டயமண்டும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு சின்ன மாற்றம் செஞ்சாங்க. படத்தைக் காட்டினதும், யோசிச்சுக்கோ, இப்பவே சொல்லிடாதேங்கிற மாதிரி ரெண்டு வரி ராகமாப் பாடிட்டு, அப்புறம்தான் பதில் கேட்டாங்க. அதே வயசுப் பிள்ளைங்க ரொம்ப நல்லாவே சொன்னாங்க. அந்தப் பாட்டு கொடுத்தது சில நொடி நேரம்தான்.

இதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தேன். பிள்ளைக்கு நாம கொடுக்காதது புத்திமதி இல்ல, அது நிறையவே கொடுக்கறோம். கொடுக்காதது அந்தச் சில நொடி.

சரி, நேரம் கொடுத்தா மட்டும் அடக்கம் வந்துடுமா? பழக்கமும் வேணும். 2007-ல அமெரிக்காவுல வசதி குறைஞ்ச குடும்பத்துப் பிள்ளைங்க 147 பேரை வச்சு டயமண்ட் ஒரு ஆய்வு செஞ்சாங்க. நம்ம அங்கன்வாடி மாதிரி, பள்ளிக்கூடத்துக்கு முந்தின வகுப்பு. அங்க ஒரு பாடமுறையில பிள்ளைங்களை ஜோடி ஜோடியா உட்கார வச்சுப் படக்கதை கொடுப்பாங்க. ஒரு பிள்ளை கையில வாய் படம், இன்னொரு பிள்ளை கையில காது படம். வாய் படம் வச்சிருக்கிற பிள்ளை கதை சொல்லும். காது படம் வச்சிருக்கிறது கேட்கணும். பேசணும்னு துடிக்கும்போது கையில இருக்கிற படத்தைப் பார்த்தா, காது பேசாது, கேட்கும்னு ஞாபகம் வரும். சில மாசத்துல படமே தேவைப்படாது. அது கூடவே, கடை, ஆஸ்பத்திரின்னு வேஷம் போட்டு விளையாடறதும் உண்டு. அப்படிப் பழகின பிள்ளைங்க, கவனமும் அடக்கமும் வேணுங்கிற சோதனைகள்ல மத்தவங்களை விட நல்லா செஞ்சாங்க. பின்னாடி வேற இடங்கள்ல செஞ்சப்போ எல்லா இடத்துலயும் இதே பலன் கிடைக்கல. அதையும் சொல்லணும், இல்லேன்னா மந்திரம் மாதிரி ஆயிடும்.

(உண்மையைச் சொன்னா அந்தக் காது படம் முதல்ல நம்ம குழுக் கூட்டத்துக்குத்தான் வேணும். ஒரே நேரத்துல பன்னிரண்டு பேர் பேசறோம்!)

யோசிச்சுப் பாருங்க, இதெல்லாம் நம்மகிட்ட இல்லாததா? சொப்பு வச்சு விளையாடும்போது கடைக்காரியா இருக்கிற பிள்ளை வாங்க வந்தவளா மாறக் கூடாது. கண்ணாமூச்சியில இருபது எண்ணுற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது. பல்லாங்குழியில தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும், காயையும் கணக்கு வச்சுக்கணும். எல்லாமே அடக்கத்துக்குப் பழக்கம்தான். அதை எடுத்து வச்சுட்டு, சத்தம் போடாம இருந்தாப் போதும்னு செல்லைக் கையில கொடுக்கறது நாமதான். நானும்தான்.

கடைசியா நமக்காக ஒண்ணு. கவலை, தூக்கம் இல்லாதது, தனிமை, இதெல்லாம் வந்தா முதல்ல தளர்ந்து போறது இதே முன்மூளைதான்னு டயமண்ட் சொல்றாங்க. அது பெரியவங்களுக்கும் சேர்த்துத்தான். தவணை கட்டற நாள்ல நம்ம கை ஏன் சட்டுனு ஓங்குதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. அன்னிக்கு டீ கொட்டினப்போ என் மனசுல இருந்தது டீ இல்ல, கட்ட வேண்டிய பணம். தன் கையை நிறுத்த முடியாத பிள்ளையை, தன் கையை நிறுத்த முடியாத நான் அடிச்சேன்.

அடியாத மாடு படியாதுன்னு என் மாமியார் இன்னமும் சொல்வாங்க. அவங்களை எதிர்த்துப் பேசறதில்ல. ஆனா இப்ப டீ டம்ளரை எட்டாத இடத்துல வைக்கிறேன். ஏதாவது செய்யச் சொன்னா, மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசறேன். அவனும் எண்ணுறான். சில நாள் ரெண்டு பேருமே தோத்துப் போறோம். நேத்துகூட கத்திட்டேன். ஆனா நான் கையைத் தூக்கினா அவன் இப்போ தோளைச் சுருக்கறதில்ல.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு கேட்பாங்க. எந்த வயசுலயும் பழகினா இந்தத் திறமை வளரும்னு டயமண்ட் சொல்றாங்க. அப்போ நமக்கும் வழி இருக்கு.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. குழுக் கூட்டத்துக்கு நம்ம கூட வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு மூலையில பாய் விரிச்சு, சொப்பும் பல்லாங்குழியும் வைப்போம். செலவு அதிகம் ஆகாது. அடுத்த கூட்டத்துல இதைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன். டீ படாத புத்தகமாப் பார்த்து எழுதுவோம்.