கப்பலில் கிடைத்த உறவு

கடல் கடந்து குழுவாகச் செல்வோர் முதல் நாளில் ஒருவரையொருவர் ஐயத்துடனேயே நோக்குகின்றனர். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். ஏறத்தாழ மூன்று நாள் கடற்பயணம். டில்லி, நாகபுரி, ஐதராபாத் முதலிய நகரங்களிலிருந்து வந்து சேர்ந்த நாங்கள், இந்தியில் இரண்டொரு சொல் பேசியதோடு, அவரவர் பெட்டியைக் காத்து அமர்ந்திருந்தோம்.

உணவுக்கூடத்தில் ஓர் அம்மையார் தம் பேரனிடம், "மெதுவாகச் சாப்பிடு, கண்ணா" என்றார். பல முகங்கள் ஒருங்கே திரும்பின. "அம்மா, தங்களுக்கு எந்த ஊர்?" என்றோம்.

"சிப்பிகாட்" என்றார் அவர்.

போர்ட் பிளேயருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அருகிலுள்ள ஊர் அது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பேரலை ஓய்ந்த பின்னும் சிப்பிகாட் வயல்களில் புகுந்த கடல்நீர் முற்றும் வடியவில்லை. நெல் விளைந்த இடத்தில் இன்று நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன. அம்மையாரின் தந்தையார் உழுத நிலமும் அவ்வாறே மூழ்கியதாம். "கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன், வேறென்ன செய்வது?" என்றார்.

எங்கள் பயண நிரலில் சிப்பிகாட் இல்லை. கரையிறங்கியதும் அதனைச் சேர்க்குமாறு வழிகாட்டியிடம் முதலில் கேட்டவர், முதல் நாள் எவருடனும் பேசாதிருந்த நாகபுரி நண்பரே. பிறந்த ஊரை விட்டு வாழும் நம் போன்றோர்க்கு, பிறர் ஊரைக் கேட்டறிவதும் ஓர் உறவன்றோ!